ஸாப்ரியானுக்கு ஒரு குறை வேண்டும்

எங்கள் மாவட்டத்தில் ஊட்டநிறைவு நிலையம் திறந்த அன்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் கைகள் மீது கோபம் வருகிறது. திறப்பு விழாவில் ஆளுக்கொரு வைட்டமின் சி மாத்திரை கொடுத்தார்கள், தண்ணீரில் போட்டால் நுரைக்கிற வகை. எங்கள் சிரெனோவோ கிராமத்து ஆட்கள் அதை ராக்கியா சாராயத்தில் போட்டுப் பார்த்தார்கள். அதிலும் நுரைத்தது. நல்ல நிலையம்தான் என்று முடிவு செய்துகொண்டு வீடு திரும்பினோம்.

என் பெயர் பெய்கோ. சிரெனோவோவில் கடை வைத்திருக்கிறேன். உப்பு, பூட்டு, ஆட்டு மணி, ரப்பர் செருப்பு எல்லாம் கிடைக்கும். ரொட்டி மட்டும் தினமும் டவுனிலிருந்து ஸாப்ரியானின் பஸ்ஸில் வரும். ரோதோப்பி மலையில் மேலே இருக்கும் மூன்று கிராமங்களுக்கும் அது ஒன்றுதான் பஸ், அவன் ஒருவன்தான் டிரைவர். இருபத்தேழு வருஷமாக அந்த வளைவுகளில் ஓட்டுகிறான். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். பனி விழுந்தால் வண்டியை விட்டு இறங்கி, கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே மண்வெட்டியால் வழி எடுப்பான், பிறகு ஏறி உட்கார்ந்து ஓட்டுவான். ஒரு நாள்கூட உடம்பு சரியில்லை என்று படுத்தவன் இல்லை. அதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

நிலையம் வந்த ஆறாவது மாதம் என் கடைக் கதவில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். "பொதுமக்களுடன் பழகும் தொழில் செய்வோர் அனைவரும் தத்தம் ஊட்டக் குறையை அறிந்திருத்தல் அவசியம். குறை அட்டை பெறாதவர் என்யோ நாள் நண்பகலுக்குப் பின் பணியில் இருத்தல் கூடாது." கீழே டாக்டர் கலோயானோவா, இயக்குநர், என்று கையெழுத்து. என்யோ நாள் என்பது ஜூன் கடைசியில் வரும் எங்கள் மூலிகைத் திருவிழா.

போனேன். விரலில் ஊசி குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்தார்கள். நாக்கை நீட்டச் சொல்லி, பெயிண்ட் கடையில் காட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு வண்ண அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பத்து நிமிஷத்தில் அட்டை வந்தது. எனக்குத் துத்தநாகம் குறைவு. பாதிரியாருக்குச் செலினியம். எங்கள் ஊர்த் தலைவருக்கு மூன்று குறை கிடைத்தது. அவர் அட்டையைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். மதுக்கடையில் பேச்சே மாறிப்போனது. முன்பெல்லாம் யாருடைய ஆடு எத்தனை குட்டி போட்டது என்று பேசுவார்கள். இப்போது, "எனக்கு மெக்னீசியம்யா, சும்மா இல்ல" என்று மார்தட்டிக்கொண்டார்கள். சாதாரண கால்சியம்காரர்கள் ஓரமாக உட்கார வேண்டியதாயிற்று.

இதில் எனக்கு உறுத்தியது ரூஸ்கா விஷயம். பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். உதடெல்லாம் வெளுத்து, பஸ்ஸின் மூன்று படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குவாள். என் கடையில் ஐஸ் பெட்டியைத் திறந்து, ஐஸ்கட்டியை எடுத்துக் கடமுடவென்று கடித்துத் தின்பாள். "ஏம்மா, பல்லு போயிடும்" என்றால், "தெரியலண்ணே, வேணும்னு தோணுது" என்பாள். ரத்தசோகை என்று ஆட்டு டாக்டர்கூடச் சொல்லிவிடுவார். நிலையத்தில் அவளுக்குக் குரோமியம் குறைவு என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கான மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாள். ஐஸ் தின்பது நிற்கவில்லை.

பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் ஒழுங்காக ரத்தம் பார் என்றால், அவளால் போக முடியாது. ஆஸ்பத்திரி டவுனில் மேட்டின் மேலே இருக்கிறது. முன்பு எங்கள் பஸ் சுற்றுப்பாதையில் மேலே ஏறி, அதன் வாசலிலேயே நிற்கும். நிலையம் வந்ததும் அந்த ஸ்டாப்பை எடுத்து, கீழே சதுக்கத்தில், நிலையத்தின் வாசலில் வைத்துவிட்டார்கள். நோய் வருமுன் காப்பது முக்கியம், வந்த பிறகு போவதற்கு ஸ்டாப் எதற்கு என்று அதற்கும் ஒரு சுற்றறிக்கை. சதுக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். ரூஸ்கா ஒரு தடவை நாற்பது படி ஏறி, உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்பினாள்.

ஸாப்ரியான் மார்ச் மாதக் கடைசியில் போனான், கடும் பனி விழுந்த வாரத்தில். நானும் கூடப் போனேன். மேசையில் இருந்தவர் மினெவ் என்ற அதிகாரி. ஒல்லியான மனிதர். எழுதும்போது பேனா கை நழுவி நழுவி விழும். எடுத்து, விரல்களைத் தேய்த்துக்கொண்டு, மறுபடி எழுதுவார். ஊசி குத்தினார், நாக்கைப் பார்த்தார், உள்ளே போனார். திரும்பி வரும்போது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றார் மினெவ்.

"அப்பாடா" என்றான் ஸாப்ரியான்.

"அப்பாடா இல்லைங்க. ஒரு குறையும் இல்லை. பதிவேட்டுல ஏறிடுச்சு. பாருங்க, படிவத்துல பதினாலாவது கட்டம். 'குறை'ன்னு போட்டிருக்கா? அதை நிரப்பாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. அடுத்த பக்கத்துலதான் அட்டை இருக்கு."

"அப்போ 'இல்லை'ன்னு எழுதுங்க."

"எழுதிப் பாத்தேன். 'இல்லை எவ்வளவு மில்லிகிராம்'னு கேக்குது."

ஸாப்ரியான் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். "ஏதாவது ஒண்ணு போட்டு விடுங்க சார்," என்றான், "இவனுக்கு இருக்கற துத்தநாகம் எனக்கும் இருந்துட்டுப் போகட்டும்."

மினெவ் நெஞ்சில் கை வைத்தார். "இல்லாத குறையை நாங்க எழுதறதா? இது அறிவியல் நிலையம்ங்க."

சிறுநீர் கழிக்கப் போன இடத்தில் வழி தவறி நான் ஒரு கிடங்குக்குள் நுழைந்துவிட்டேன். எதிரே ஒரு கரும்பலகை. 'துத்தநாகம்: தீர்ந்தது. குரோமியம்: தீர்ந்தது. இரும்பு: ஜனவரியிலேயே தீர்ந்தது. தலைநகர் லாரி பனியில் நிற்கிறது.' அலமாரியெல்லாம் காலி. பக்கத்தில் ஒரு ஃப்ரிட்ஜ். உள்ளே சின்னச் சின்னக் குப்பிகளில் எங்கள் ரத்தம். பெய்கோ என்று என் பெயர் ஒட்டிய குப்பியும் இருந்தது, மூடி திறக்கப்படாமல்.

வெளியே வந்து மினெவைப் பிடித்துக்கொண்டேன். "யோவ், ரத்தத்தை யாருமே பாக்கலையா?"

"பத்திரமா இருக்குங்களே" என்றார் அவர், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல். "ஃப்ரிட்ஜ் நாலு டிகிரியில இருக்கு. தினம் ரெண்டு வேளை டெம்பரேச்சர் எழுதறோம்."

"அப்புறம் எனக்குத் துத்தநாகம்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நீங்க வந்த அன்னிக்கு அது நாலாயிரம் டப்பா இருந்துச்சு. இல்லாத மாத்திரைக்குக் குறை எழுதினா ஜனங்க எங்க போவாங்க? அது பாவம் இல்லையா? இவரு இன்னிக்கு வந்திருக்காரு, கிடங்குல ஒண்ணும் இல்லை. அதனால இவருக்கு ஒண்ணும் குறை இல்லை. கணக்கு சரியாத்தானே வருது?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஆள் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அடிக்கலாம் என்று ஓங்கிய கை அப்படியே இறங்கிவிட்டது.

அடுத்த வாரம் லாரி வந்தது. ஆனால் ஸாப்ரியானுக்குக் குறை இல்லை என்று முத்திரை குத்திய பதிவேட்டை மாற்ற முடியாது. நிலையம் ஒருபோதும் தவறு செய்ததில்லை என்று பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. விஷயம் இயக்குநரிடம் போயிற்று. டாக்டர் கலோயானோவா எங்களை உட்காரச் சொன்னார். மேசை மேல் ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டி. ஒவ்வோர் அறையிலிருந்தும் ஒன்றாக எடுத்து விழுங்கிக்கொண்டே பேசினார்.

"ஸாப்ரியான், நான் மனசு விட்டுப் பேசறேன். ஒரு மனுஷனுக்குக் குறையே இல்லைன்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? நாளைக்கு இன்னொருத்தன் வந்து 'எனக்கும் இல்லை'ம்பான். இந்தக் கட்டடத்துல நாப்பத்தோரு பேர் வேலை பாக்கறோம். நாங்க எங்க போறது? உங்க ஆரோக்கியம் உங்க சொந்த விஷயம்னு நினைச்சுட்டிருக்கீங்க. அது சுயநலம்."

"மன்னிச்சுக்கோங்க மேடம்" என்றான் ஸாப்ரியான். அவன் உண்மையிலேயே வருத்தப்பட்டான்.

"நீங்க என்னதான் சாப்பிடறீங்க?"

"தயிர், பீன்ஸ் சூப், வெங்காயம், உருளைக்கிழங்கு அடை, நெவென்கா போடற மலை டீ. நெவென்கா என் பொண்டாட்டி."

இயக்குநர் ஒரு தாளில் எழுதி அடிக்கோடிட்டார். "முறையற்ற உணவு. எந்தச் சத்து எவ்வளவு உள்ள போகுதுன்னே தெரியாம விழுங்கறீங்க. சரி. கண்டறியும் சிகிச்சை கொடுப்போம். எல்லா மாத்திரையும் சாப்பிடுங்க. எதை உடம்பு சந்தோஷமா ஏத்துக்குதோ, அதுதான் குறை."

பதினெட்டு டப்பாக்களோடு வீட்டுக்கு வந்தான். முதல் வாரம் ஒரு வைட்டமின் சாப்பிட்ட அரை மணியில் முகமும் கழுத்தும் தக்காளியாகச் சிவந்து, காது எரிந்து, வளைவில் வண்டியை நிறுத்திவிட்டான். குடித்திருக்கிறான் என்று ஒரு அம்மாள் இறங்கி நடந்தே போய்விட்டாள். இரண்டாம் வாரம் சிறுநீர் பளீரென்று மஞ்சளாயிற்று. இரும்பு சாப்பிட்டதில் மூன்று நாள் கொல்லைப்புறம் போக முடியாமல் தவித்தான். ஒரு மாதத்தில் உள்ளங்கை ஆரஞ்சு நிறமாகிவிட்டது, கேரட் சத்து மாத்திரை செய்த வேலை. ஸ்டியரிங் பிடித்த கைகளைப் பார்த்துக் குழந்தைகள் சிரித்தன.

மினெவ் அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மெல்லச் சொன்னார். "இது அதிகம்ங்க. குறை இல்லை. அதிகம் எங்க இலாகா கிடையாது. அதுக்கு சோஃபியாவுல ஒரு நிலையம் கட்டிக்கிட்டிருக்காங்க."

அன்று பஸ் ஸ்டாண்டில் ஸாப்ரியான் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "பெய்கோ, என்யோ நாளுக்கு அஞ்சு வாரம்தான்டா இருக்கு. அட்டை இல்லேன்னா வண்டிய புடுங்கிடுவாங்க. வேற டிரைவர் இந்த ரோட்டுக்கு வரமாட்டான், லைனையே நிறுத்திடுவாங்க. எனக்கு வேற எதுவும் தெரியாதுடா. இருபத்தேழு வருஷமா அந்த சீட்டுலதான் உக்காந்திருக்கேன். எறக்கி விட்டா நான் யாரு?" அவன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ரொட்டிக்காக மட்டும் இல்லை, நம்புங்கள்.

இயக்குநர் கடைசி வழி ஒன்று சொன்னார். எதிர்த்திசைச் சிகிச்சை. அதாவது, ஐந்து வாரம் மோசமாகச் சாப்பிட்டு, முறையாக ஒரு குறையை வரவழைத்துக்கொள்ள வேண்டியது. ஊட்டநிறைவு நிலையத்தின் முத்திரை போட்ட தாளிலேயே எழுதிக் கொடுத்தார்: பழம் கூடாது, காய் கூடாது, தயிர் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது. அனுமதிக்கப்பட்டவை வெள்ளை ரொட்டி, வேஃபர் பிஸ்கட்.

நெவென்கா அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கரண்டியைக் கீழே போட்டாள். "ஏன்யா, உன்னைப் பட்டினி போடறதுக்கு ஆபீஸ் வச்சிருக்காங்களா? என் கையால உனக்கு வேஃபர் பிஸ்கட் வைக்கணுமா? தூ!" ஆனால் வைத்தாள். வேலை போய்விட்டால் அவன் என்ன ஆவான் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஸாப்ரியான் உண்மையாகத்தான் முயன்றான். பாழாய்ப்போன ரோடு விடவில்லை. அவன் முகம் வாடியிருப்பதைக் கண்ட பெண்கள் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எதையாவது கொண்டுவந்து திணித்தார்கள். முதல் ஸ்டாப்பில் ஒரு சட்டித் தயிர். அடுத்ததில் இளம் வெங்காயமும் பச்சைப் பட்டாணியும். மூன்றாவதில், "மகராசா, என் புருஷன் பிரசவ வலியில துடிச்ச என்னை நடுரோட்டுல விட்டுட்டு ஓடினான், நீதான் ஆஸ்பத்திரியில கொண்டு சேத்தே" என்று சொல்லிச் சொல்லி, சீமைச் செர்ரிப் பழத்தைக் கிண்ணத்தோடு வாயில் ஊட்டிவிட்டாள் ஒருத்தி. முகத்தில் அடித்தாற்போல் மறுக்க அவனுக்குத் தெரியாது. கன்னத்தில் இரண்டு சொட்டுக் கண்ணீரோடு தின்றான். ஐந்தாம் வாரம் முன்பைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தான்.

என்யோ நாள் வந்தது. அன்று பெண்கள் பொழுது விடியுமுன் மலையில் மூலிகை பறிப்பார்கள். எழுபத்தேழரை மூலிகை பறிக்க வேண்டும். அதையெல்லாம் சேர்த்துப் பெரிய வளையமாகக் கட்டி, ஊர் முழுக்க அதற்குள் நுழைந்து வெளியே வருவோம், வருஷம் முழுக்க உடம்பு நன்றாக இருக்க. இந்த வருஷம் நிலையம் அதை எடுத்துக்கொண்டது. 'மூலிகை மற்றும் துணை உணவு விழா' என்று எங்கள் புல்வெளியில் பேனர் கட்டினார்கள். நிலையத்துக் கார் பட்டறையில் கிடந்ததால் இயக்குநரும் மினெவும் ஸாப்ரியானின் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்கள். அவனுக்கு அதுதான் கடைசி ஓட்டம். வண்டியைக் கழுவி, சன்னலில் ரோஜா சொருகியிருந்தான்.

நெவென்கா உருளைக்கிழங்கு அடையை ஒரு தட்டில் வைத்து இயக்குநரிடம் நீட்டினாள். "சாப்பிடுங்கம்மா. மூஞ்சி வெளிறிப் போயிருக்கு."

"சாப்பாடா?" என்று சிரித்தார் டாக்டர் கலோயானோவா. "அது இன்னும் நிரூபிக்கப்படாத முறைம்மா." பிறகு மேடை ஏறினார்.

பதினொரு மணிக்கு ஆரம்பித்த பேச்சு. வெயில் மண்டையைப் பிளந்தது. "இந்தச் செடிகளைப் பாருங்க," என்றார், வளையத்தைக் காட்டி. "படிப்பு இல்லை, பதிவு இல்லை. மழை பெய்யுது, முளைக்குதுங்க. யாரு அனுமதி கொடுத்தா? இதே செடியை நாங்க பொடி பண்ணி, டப்பாவுல போட்டு, மேல ஒரு சிரிக்கிற குடும்பத்தோட படம் போட்டா, அப்போதான் அது ஆரோக்கியம். உங்க பாட்டன் பூட்டனெல்லாம் தொண்ணூறு வயசு இருந்தாங்கன்னு சொல்றீங்க. இருந்தாங்க, ஒத்துக்கறேன். ஆனா எந்த அத்தாட்சியும் இல்லாம இருந்தாங்க!" நாங்கள் கைதட்டினோம். தலையில் துண்டு போட்டுக்கொண்டு தட்டினோம். பன்னிரண்டு மணி தேவாலயத்தில் அடித்தது. அவர் நிறுத்தவில்லை. "நான் மூணு வருஷமா நாளுக்கு நாப்பத்தாறு மாத்திரை சாப்பிடறேன். என்னைப் பாருங்க!" என்றார்.

பார்த்துக்கொண்டே இருந்தோம். அப்படியே சரிந்து மூலிகை வளையத்துக்குள் விழுந்தார்.

ஓடினோம். தண்ணீர் தெளித்தோம். கண் திறக்கிறார், மூடுகிறார். டவுனிலிருந்து ஆம்புலன்ஸ் ஏறி வர ஒரு மணி நேரம் ஆகும். ஸாப்ரியான் அவரைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டுபோய் பஸ்ஸின் முதல் சீட்டில் கிடத்தினான். டிரைவர் சீட்டில் ஏறப் போனவனின் முன்னால் வந்து நின்றார் மினெவ், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

"மணி பன்னெண்டு அஞ்சு. அட்டை இல்லாம நீங்க வண்டி எடுக்கக் கூடாதுங்க."

"யோவ், உள்ள கிடக்கறது உன் மேடம்யா!" என்று நான் கத்தினேன்.

"அவங்க போட்ட உத்தரவுதாங்க" என்றார் மினெவ். அவர் அழுதுகொண்டிருந்தார். ஆனால் நகரவில்லை.

சன்னல் வழியாக இயக்குநரின் குரல் ஈனமாக வந்தது. "மினெவ்... எழுதித் தொலையேன்... ஏதாவது ஒரு குறையை..."

மினெவ் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். பதினான்காவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. "பதிவேட்டுல ஒண்ணுமே இல்லைன்னு இருக்கு மேடம். பேர் இருக்கற எந்தக் குறையையும் எழுத முடியாது. எல்லாப் பேரையும் பாத்து இல்லைன்னு முத்திரை குத்தியாச்சு."

அப்போது நெவென்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் பாதியாகக் கிள்ளிய ஒரு தண்டு. "பேர் இருக்கறது எழுதக் கூடாது, அவ்வளவுதானே? எழுபத்தேழு மூலிகை எழுபத்தேழு வியாதிக்கு. இந்த அரை மூலிகை எதுக்குன்னு தெரியுமாய்யா? பேரே இல்லாத வியாதிக்கு. கண்ணை மூடிக்கிட்டுப் பறிப்போம். என் புருஷனுக்கு அதுதான். எழுது!"

மினெவ் அந்தத் தண்டைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "பேரில்லாதது... பதிவேட்டுல அப்படி ஒண்ணு இல்லைன்னு நாங்க எங்கேயும் சொல்லலை." எழுதினார்: 'குறை: பெயரற்றது. அளவு: அரை.' பஸ்ஸின் பானெட் மேல் வைத்து முத்திரை குத்தினார். ஊரே ஹோவென்று கத்தியது.

வண்டி கிளம்பும்போது நெவென்கா ரூஸ்காவையும் உள்ளே தள்ளிவிட்டாள். "ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போகுதுடி. இதை விட்டா உனக்கு எப்போ?" அன்று ஸாப்ரியான் ஓட்டிய ஓட்டு! கூடவே ஏறியிருந்த நான் ஒவ்வொரு வளைவிலும் அவன் முகத்தைப் பார்த்தேன். ஐந்து வாரமாகக் காணாமல் போயிருந்த ஆள் திரும்பி வந்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு வயதான டாக்டர். இயக்குநரின் நாடியைப் பிடித்தபடி, "கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"காலைல மல்ட்டி வைட்டமின். அப்புறம் மீன் எண்ணெய், பாசி மாத்திரை..."

"சாப்பாட்டைக் கேட்டேன்மா."

இயக்குநர் யோசித்தார். விரல்விட்டு நாள் எண்ண ஆரம்பித்தார். ஒரு கிண்ணம் பீன்ஸ் சூப் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். மேடம் அதை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, இன்னொரு கிண்ணம் கேட்டார்.

அதே டாக்டர் ரூஸ்காவின் ரத்தத்தையும் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார், குப்பியின் மூடியைத் திறந்து. மாதா மாதம் அதிகமாக ரத்தம் போவதற்குக் காரணம் தேட வேண்டும், வாரா வாரம் வந்து காட்டு என்றார். "இரும்பு மாத்திரை தர்றேன். எலுமிச்சை ஜூஸோட முழுங்கு. கூட டீ குடிச்சிடாதே, உடம்புல ஒட்டாது. மாத்திரை தப்பு இல்லம்மா. எது குறையுதோ, அதைத்தான் சாப்பிடணும்." இவ்வளவுதான் சொன்னார். மேடை இல்லை, பேனர் இல்லை.

நிலையம் திருந்தியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? அடுத்த மாதமே புதுச் சுற்றறிக்கை வந்தது. இயக்குநர் டாக்டர் கலோயானோவா தமது உயிரையே பணயம் வைத்து 'பெயரற்ற குறை'யைக் கண்டுபிடித்துவிட்டாராம். மாவட்டத்தில் எல்லோருக்கும் அது இருக்கிறதாம். தினமும் அரை மாத்திரை. டப்பாவைத் திறந்து பார்த்தேன். என் பழைய துத்தநாகத்தை இரண்டாக உடைத்துப் போட்டிருந்தார்கள். நிலையத்தின் முன்கூடத்தில் முதல் நோயாளி என்று ஸாப்ரியான் படம் மாட்டியிருக்கிறது. ஆரஞ்சுக் கையோடு.

ஆனால் அவனிடம் இப்போது அட்டை இருந்தது. அங்கேதான் நிலையம் மாட்டிக்கொண்டது.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, நான் சரக்கு எடுக்க டவுனுக்குப் போயிருந்தேன். ரொட்டி ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, சதுக்கத்தில் மினெவ் வண்டியை மறித்து ஏறினார். புகார் வந்திருக்கிறதாம். இந்த பஸ் தினமும் அனுமதியில்லாத இடத்தில் நிற்கிறதாம். ஸாப்ரியான் மேட்டுப் பாதையில் வண்டியைத் திருப்பி, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"பாத்தீங்களா, இதேதான்" என்றார் மினெவ். "ஏன் இங்க நிறுத்தறீங்க?"

ஸாப்ரியான் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினான். "நான் எங்கங்க நிறுத்தறேன்? எனக்குக் குறை இருக்கே. இந்த இடம் வந்தா கால் தானா பிரேக்குல போயிடுது."

"இந்தக் குறைக்கு இப்படி ஒரு அறிகுறியா?"

"இல்லைன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

மினெவ் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தார். அறிகுறிகள் என்ற இடம் காலியாக இருந்தது. "எழுதலைங்க" என்று ஒத்துக்கொண்டார். பதிவேட்டைத் திறந்து, 'அறிகுறி: மருத்துவமனை வாசலில் வண்டி நின்றுவிடுதல்' என்று எழுத ஆரம்பித்தார். பாதியில் பேனா நழுவி விழுந்தது. ரூஸ்கா அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, மூன்று படியையும் ஒரே மூச்சில் ஏறினாள். உதட்டில் நிறம் வந்திருந்தது. குனிந்து பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் விரல்களைத் தேய்த்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார். "ஆறு மாசமா விரலெல்லாம் மரத்துப் போகுதுங்க. நிலையத்துல அயோடின்னு எழுதிக் கொடுத்தாங்க. உள்ள அந்தப் பெரியவர் இருப்பாரா?"

"இருப்பார்யா. போ" என்றேன்.

மினெவ் பதிவேட்டைச் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார். கதவுக்குள் நுழையுமுன் ஒரு தடவை திரும்பி, நிலையத்திலிருந்து யாராவது பார்க்கிறார்களா என்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டார்.

கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. ஸாப்ரியான் இன்ஜினை அணைத்துவிட்டு, ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான்.

"டேய், கிளப்புடா" என்றேன். "ஊருல ரொட்டிக்கு வரிசையில நிக்கறாங்க."

"முடியாதுடா பெய்கோ. கால் பிரேக்கை விட்டு வரமாட்டேங்குது" என்றான் ஸாப்ரியான். "அந்த ஆள் வந்து ஏறட்டும், தானா சரியாயிடும்."